படம் பார்த்துச் செய்யும் வலிச் சிகிச்சைக்குத் தயாராவது எப்படி?

நாள்பட்ட முதுகுவலி, முழங்கால் தேய்மானம், கருப்பை நார்க்கட்டி, காலில் புடைத்த சிரைகள் என்று வெவ்வேறு குறைகளோடு மருத்துவரிடம் செல்பவர்களுக்கு, மாத்திரைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் இடையில் இன்னொரு வழி இருப்பதாக இப்போது அடிக்கடி சொல்லப்படுகிறது. தோலில் ஊசி நுழையும் அளவுக்கு மட்டும் துளையிட்டு, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன் ஆகியவற்றில் ஒன்றின் திரையைப் பார்த்தபடியே ஊசியையோ மெல்லிய குழாயையோ நோயுள்ள இடத்துக்குக் கொண்டுசென்று செய்யும் சிகிச்சை அது. பெரும்பாலும் அந்த இடம் மட்டும் மரத்துப்போக மருந்து போடுவார்கள். பலர் அன்றே வீடு திரும்பிவிடுவார்கள். இந்தச் சிகிச்சையை ஏற்பதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது, ஏற்றால் எப்படித் தயாராவது, பிறகு எதைக் கவனிப்பது என்பவற்றை நோயாளியின் பக்கமிருந்து இந்தக் கட்டுரை விளக்குகிறது. உங்களைப் பரிசோதித்த மருத்துவரின் அறிவுரைக்கு இது மாற்றாகாது. அவரிடம் பேசச் செல்லும்போது கையில் இருக்க வேண்டிய துணை என்று கொள்ளுங்கள்.

இந்த முறை புதிதாக முளைத்த ஒன்றல்ல. ஊசி வழியே மெல்லிய கம்பியை இரத்தக்குழாய்க்குள் விட்டு, அந்தக் கம்பியின் மேலாகக் கதீட்டர் என்னும் குழாயை நழுவவிடும் உத்தியைச் சுவீடன் மருத்துவர் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்டார். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கால் அழுகத் தொடங்கிய பிறகும் அதை வெட்டியெடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனி அடைப்பை மருத்துவர் சார்லஸ் டாட்டர் தோல்வழியே விரித்துவிட்டார். கால் பிழைத்தது, அவர் மீண்டும் நடந்தார். 1984-இல் பிரான்சின் அமியான் நகரில் முதுகெலும்புக்குள் ஊசி வழியே எலும்பு சிமென்ட் செலுத்தப்பட்டது. 1995-இல் அதே நாட்டின் ரவினா குழுவினர், கருப்பைத் தமனிகளை அடைத்து நார்க்கட்டிகளைச் சுருங்கச் செய்த முடிவுகளை வெளியிட்டனர். இரத்தக்குழாயில் தொடங்கிய கைத்திறன் மெல்ல மெல்ல எலும்பு, நரம்பு, மூட்டு என்று வலி பிறக்கும் இடங்களுக்கெல்லாம் பரவியது.

ஆகவே, குறித்த இடத்தில் ஊசிமுனையை நிறுத்துவது தேர்ந்த கைகளுக்கு இன்று பெரிய சிக்கலாக இல்லை. எந்த இடத்தைக் குறிப்பது என்பதே சிக்கல். வலி வேறோர் இடத்தில் பிறக்கும்போது, எவ்வளவு துல்லியமாகப் போட்ட ஊசியும் பயன் தராது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில் நோயாளிக்கு இருக்கும் பங்கைப் பலர் உணர்வதில்லை என்பதே என் கவலை. இந்தக் கட்டுரையில் அதற்கு அதிக இடம் ஒதுக்கியிருப்பதும் அதனால்தான்.

ஸ்கேனில் தெரிவதும் வலி பிறக்கும் இடமும்

டிஸ்க் என்பது முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் தட்டு. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிஸ்க் தேய்ந்துள்ளது', 'டிஸ்க் பிதுங்கியுள்ளது' என்ற வரிகளைப் படித்ததும், தம் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரை ஒன்று, 20 வயதில் இருப்போரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதில் இருப்போரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருப்பதைக் காட்டியது. டிஸ்க் பிதுக்கமும் அப்படித்தான்: 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். இவர்களில் யாருக்கும் வலி இல்லை என்பதை மறக்க வேண்டாம். தலைமுடி நரைப்பதைப் போலவே முதுகெலும்பும் வயதின் அடையாளங்களை ஏற்கிறது. அந்த அடையாளம் ஒவ்வொன்றும் வலியின் காரணம் ஆகிவிடாது.

அதனால், ஸ்கேனில் தெரிவதும் உடலில் நீங்கள் உணர்வதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. முதுகில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே பாதம்வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும் வலி, அதனுடன் மரத்துப்போதல் ஆகியவை நரம்பு வேர் அழுத்தப்படுவதைச் சுட்டும். அப்போது ஸ்கேனிலும் அதே பக்கத்தில், அதே மட்டத்தில் அழுத்தம் தெரிய வேண்டும். இடது காலில் வலி இருக்க, ஸ்கேனில் வலப்புறப் பிதுக்கம் மட்டும் தெரிந்தால், அந்தப் பிதுக்கத்துக்குச் சிகிச்சை செய்வதில் பொருளில்லை. இடுப்புப் பட்டைக்குக் கீழே, புட்டத்தின் ஒரு பக்கத்தில், ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி இடுப்பெலும்பு மூட்டிலிருந்து வரலாம். காலுக்கு அதிகம் இறங்காமல் கீழ்முதுகிலேயே தங்கும் வலி, முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஃபேசட் என்னும் சிறு மூட்டுகளிலிருந்து வரலாம். எலும்புப்புரை உள்ள முதியவர் குனிந்து எதையோ தூக்கியபோது சட்டென்று தோன்றி, நின்றால் கூடி, படுத்தால் தணியும் வலியானால், முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவையெல்லாம் குறிப்புகளே தவிர உறுதியான தீர்ப்புகள் அல்ல. ஒரே வலிக்கு இரண்டு மூன்று ஊற்றுகள் இருப்பதும் உண்டு.

மருத்துவரைப் பார்க்கும் முன் இரண்டு வாரம் வலிக்குறிப்பேடு ஒன்று எழுதுங்கள். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் வலியின் அளவை 0 முதல் 10 வரையிலான எண்ணால் குறியுங்கள். எண்ணைவிட முக்கியமானது, வலியால் எதைச் செய்ய முடியவில்லை என்பது: எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது, எவ்வளவு தூரம் நடந்த பிறகு உட்கார வேண்டியிருந்தது, இரவில் எத்தனை முறை விழிப்பு வந்தது. உட்கார்ந்தால் கூடுகிறதா, நின்றால் கூடுகிறதா, தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் குறைகிறதா என்பதையும் சேருங்கள். இந்தக் கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தண்டுவடம் செல்லும் பாதை குறுகியவர்களுக்கு, குனிந்து நடக்கும்போது அந்தப் பாதை சற்று விரிவதால் கால்வலி தணியும். இதுவரை எடுத்த மாத்திரைகள், செய்த பிசியோதெரபி, போட்ட ஊசிகள், அவை ஒவ்வொன்றும் எத்தனை நாள் பயன் தந்தன என்பதை ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால், மருத்துவரின் நேரமும் உங்கள் நேரமும் மிஞ்சும்.

காத்திருப்பதும் ஒரு சிகிச்சையே. டிஸ்க் பிதுங்கி வரும் கால்வலி, பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் தானாகவே கணிசமாகக் குறைந்துவிடுகிறது. பிதுங்கிய பகுதியை உடலே மெல்லக் கரைத்துக்கொள்கிறது. தாங்கக்கூடிய வலியாக இருந்து, கால் பலம் குறையாமல் இருந்தால், அந்தக் காலத்தை மருந்தோடும் உடற்பயிற்சியோடும் கடப்பது நியாயமான தேர்வு. ஆனால் காத்திருக்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, இரு தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதுகுவலியோடு காய்ச்சலோ காரணமற்ற எடைக்குறைவோ சேர்ந்திருந்தாலும், முன்பு புற்றுநோய் இருந்திருந்தாலும், வலிக்கு ஊசி போடுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்.

சோதனை ஊசி: நீங்களே அளவிட வேண்டிய நாள்

ஸ்கேனும் பரிசோதனையும் சேர்ந்தும் ஊற்று தெளியாதபோது, மருத்துவர்கள் சோதனை ஊசி போடுகிறார்கள். சந்தேகிக்கும் மூட்டுக்குச் செல்லும் நுண்நரம்பின் அருகே, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, அரை மில்லிலிட்டர் அளவிலான மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். அந்த நரம்புதான் வலியைச் சுமக்கிறது என்றால், மருந்து வேலை செய்யும் நேரம்வரை வலி பெருமளவு மறைந்திருக்க வேண்டும். லிடோகெய்ன் என்றால் ஏறக்குறைய ஒன்றிரண்டு மணி நேரம். பூபிவகெய்ன் என்றால் இன்னும் சில மணி நேரம் நீடிக்கும்.

இந்தச் சோதனையின் முடிவை எந்த இயந்திரமும் அளப்பதில்லை, அளப்பவர் நீங்களே. அதனால் அந்த நாளைச் சரியாகப் பயன்படுத்துங்கள். அன்று காலை வழக்கமான வலிமாத்திரையைத் தவிர்க்கலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையின் பலனும் ஊசியின் பலனும் கலந்துவிட்டால் எதையும் பிரித்தறிய முடியாது. ஊசிக்கு முன் உங்களுக்கு வலியைத் தரும் அசைவை ஒருமுறை செய்து, வலியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு, ஓய்வெடுக்க வேண்டும் என்று எண்ணிப் படுத்துவிடாமல், மருத்துவர் தடுக்காதவரை அதே அசைவைத் திரும்பச் செய்யுங்கள்: நில்லுங்கள், படியேறுங்கள், பின்னால் சாயுங்கள். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை, ஆறு மணி நேரம்வரை எண்ணைக் குறியுங்கள். மருத்துவர் வருந்துவாரே என்றோ, செய்த செலவு வீணாகுமே என்றோ எண்ணிக் குறைத்துச் சொல்ல வேண்டாம். 'கொஞ்சம் பரவாயில்லை' என்ற மழுப்பலான விடை, தேவையற்ற அடுத்த சிகிச்சைக்கு உங்களை அழைத்துச் சென்றுவிடும். வலி குறையவில்லை என்பதும் பயனுள்ள விடையே. அது ஒரு சந்தேகத்தை நீக்கி, வேறிடத்தில் தேடச் சொல்கிறது.

ஒருமுறை போட்ட ஊசியில் வலி குறைந்துவிட்டது என்பதால் மட்டும் முடிவெடுக்கக் கூடாது. எதிர்பார்ப்பாலேயே வலி தணிவது மனித இயல்பு. அதில் பொய்யும் இல்லை, வெட்கப்பட ஒன்றும் இல்லை. இதனால்தான் கவனமுள்ள மருத்துவர்கள் வேறொரு நாளில் இரண்டாவது சோதனை ஊசியும் போட்டு, இரண்டு முறையும் வலி பாதிக்கு மேல் குறைந்ததா என்று பார்க்கிறார்கள். 80 சதவீதம் குறைய வேண்டும் என்று வற்புறுத்துவோரும் உண்டு. இரண்டாவது முறை எதற்கு என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு சோதனைகளும் ஒத்துப்போனால், அடுத்த படி ரேடியோஃப்ரீக்வென்சி அப்லேஷன். ஊசிமுனையைச் சுமார் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ்வரை சூடாக்கி, ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம் அங்கேயே நிறுத்தி, வலியைச் சுமக்கும் நுண்நரம்பைச் செயலிழக்கச் செய்வார்கள். சூடாக்கும் முன் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, கால் தசை துடிக்கிறதா என்று பார்ப்பார்கள்; துடித்தால் ஊசி இயக்க நரம்புக்கு அருகில் இருக்கிறது என்று பொருள், இடத்தை மாற்றுவார்கள். இந்தச் சமயத்தில் கால் வழியே ஏதேனும் பாய்வதுபோல் உணர்ந்தால் உடனே சொல்லுங்கள். முழுமயக்கம் கொடுக்காமல் இதைச் செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பலன் உடனே தெரியாது. முதல் ஓரிரு வாரம் வலி கூடவும் கூடும். பிறகு பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை நிம்மதி கிடைக்கும். நரம்பு மீண்டும் வளர்ந்ததும் வலி திரும்பலாம். அப்போது அதே சிகிச்சையை மறுபடி செய்யலாம். முழங்கால் தேய்மானத்திலும் மூட்டைச் சுற்றியுள்ள நுண்நரம்புகளுக்கு இதே முறை கையாளப்படுகிறது. அது வலியைக் குறைக்கும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது.

எந்தக் குறைக்கு எந்தச் சிகிச்சை

தண்டுவட உறையைச் சுற்றியுள்ள இடத்தில், வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துவதை எபிடியூரல் ஊசி என்கிறோம். டிஸ்க் பிதுங்கி நரம்பு வேர் வீங்கியதால் வரும் கால்வலிக்கு, சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை இது உதவக்கூடும். காலுக்கு இறங்காத வெறும் முதுகுவலிக்கு இதன் பயன் மிகக் குறைவு என்பதால், அப்படிப்பட்ட வலிக்கு இதைப் பரிந்துரைத்தால் காரணம் கேளுங்கள். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-இல் இந்த ஊசிகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது: அரிதாக, பார்வையிழப்பு, பக்கவாதம், கைகால் செயலிழப்பு, மரணம்கூட நேரிட்டிருக்கின்றன. ஸ்டீராய்டு துகள்கள் தண்டுவடத்துக்கோ மூளைக்கோ செல்லும் நுண்தமனிக்குள் புகுந்து அடைத்துவிடுவது இதற்கான காரணங்களில் ஒன்று. கழுத்துப் பகுதியில் இந்த ஆபத்து கூடுதல். எக்ஸ்ரே திரையில் தெளிவாகத் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி இரத்தக்குழாயில் ஊசி இல்லை என்று உறுதிசெய்வதும், பக்கவாட்டிலிருந்து நரம்பு வேரை நோக்கிப் போடும்போது துகளற்ற ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோனைத் தேர்ந்தெடுப்பதும் இதற்காகவே. படவழிகாட்டல் இல்லாமல் கைத்தடவலில் மட்டும் கழுத்தில் இந்த ஊசியைப் போட யாரேனும் முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.

தோள்பட்டைக்கு அல்ட்ராசவுண்ட் போதும், கதிர்வீச்சே இல்லை. இறுகிப்போன தோள்மூட்டுக்குள் உப்புநீரும் ஸ்டீராய்டும் மரத்துப்போகும் மருந்தும் சேர்த்துச் செலுத்தி உறையை விரிப்பார்கள். தசைநாணில் சுண்ணாம்பு படிந்திருந்தால், ஊசியால் அதைக் கழுவி உறிஞ்சி எடுப்பார்கள். இரண்டுக்கும் பின் தவறாத உடற்பயிற்சி வேண்டும்.

நசுங்கிய முள்ளெலும்புக்குள் எலும்பு சிமென்ட் செலுத்தும் வெர்ட்டிப்ரோபிளாஸ்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் இது அற்புதச் சிகிச்சை என்று கொண்டாடப்பட்டது. 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், ஒரு பிரிவினருக்கு உண்மையாகவே சிமென்ட் செலுத்தினார்கள். மறுபிரிவினருக்குத் தோலை மரக்கச் செய்து, சிமென்ட் செலுத்தியதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். இரு பிரிவினருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. 2016-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மற்றோர் ஆய்வு, முறிவு ஏற்பட்டு ஆறு வாரத்துக்குள் கடும் வலியோடு வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அவர்களுக்குச் சிமென்ட் பயன் தந்தது. என் கணிப்பில், இந்தச் சண்டை இன்னும் முழுமையாகத் தீரவில்லை. ஆனால் ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது: பழைய முறிவுக்குச் சிமென்ட் செலுத்துவதை ஏற்குமுன், எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்புக்குள் நீர்க்கோப்பு தெரிகிறதா, அதாவது முறிவு புதியதா, என்று கேளுங்கள். சிமென்ட் கசிந்து நரம்புக்கோ நுரையீரலுக்கோ செல்லும் சாத்தியம் சிறிதளவு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எலும்புப்புரைக்குச் சிகிச்சை தொடங்காமல் ஒரு முள்ளெலும்பை மட்டும் சரிசெய்து அனுப்பினால், அடுத்தது நசுங்கக் காத்திருக்கும்.

இரத்தக்குழாயை அடைப்பதன் மூலம் செய்யும் சிகிச்சைக்கு எம்போலைசேஷன் என்று பெயர். கருப்பை நார்க்கட்டிக்கு, மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியே கதீட்டரைக் கருப்பைத் தமனிக்குக் கொண்டுசென்று, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களைச் செலுத்துவார்கள். இரத்தம் கிடைக்காத கட்டிகள் சில மாதங்களில் ஏறக்குறைய பாதியளவு சுருங்கும்; பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் அதிக இரத்தப்போக்கு கட்டுக்குள் வருகிறது. ஆனால் முதல் சில நாட்கள் எளிதாக இருக்காது. அடிவயிற்றில் கடும் வலி, லேசான காய்ச்சல், குமட்டல், சோர்வு ஆகியவை ஒரு வாரம்வரை நீடிக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லாதவர் உங்களுக்குப் பாதி உண்மையை மட்டுமே சொல்கிறார். எதிர்காலத்தில் குழந்தை வேண்டும் என்றிருப்பவர்களுக்கு, கட்டியை மட்டும் அகற்றும் அறுவைச் சிகிச்சையே பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. வீங்கிய புரோஸ்டேட் சுரப்பிக்கும் இதே முறை உண்டு: சிறுநீர் ஓட்டத்தில் கிடைக்கும் முன்னேற்றம் வழக்கமான அறுவைச் சிகிச்சையைவிடச் சற்றுக் குறைவு, விந்து வெளியேற்றத்தில் வரும் பாதிப்பும் குறைவு; எது உங்களுக்குப் பெரிது என்று நீங்களே எடைபோட வேண்டும். தேய்ந்த முழங்கால் மூட்டுச் சவ்வில் புதிதாக முளைத்த நுண்தமனிகளை அடைக்கும் முறை ஜப்பானில் தொடங்கி இப்போது பல நாடுகளில் செய்யப்படுகிறது. அதன் நீண்டகாலச் சான்றுகள் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

காலில் புடைத்த சிரைகளுக்கு, வால்வு பழுதான பெரிய சிரைக்குள் கதீட்டரை விட்டு, லேசர் அல்லது 120 டிகிரி வெப்பத்தால் அதை மூடிவிடுகிறார்கள். அன்றே நடக்க வேண்டும், படுத்தே இருக்கக் கூடாது. இளம்வயதினருக்கு இரவில் எலும்புக்குள் வலித்து, ஆஸ்பிரின் வகை மாத்திரையில் வியப்பூட்டும் வகையில் அடங்கும் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்னும் சிறு கட்டி, சி.டி. வழிகாட்டலில் சில நிமிடம் சூடேற்றினால் பெரும்பாலும் ஒரே முறையில் தீர்ந்துவிடும். கணையப் புற்றுநோயின் தாங்கமுடியாத வயிற்றுவலிக்கு, வயிற்றின் பின்புறத்தில் உள்ள சீலியாக் நரம்புத்தொகுதியை ஆல்கஹால் செலுத்திச் செயலிழக்கச் செய்யலாம். எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியையும் சூடு அல்லது கடுங்குளிரால் தணிக்கலாம். இத்தகைய நோயாளிகள், 'எல்லா மருந்தும் தோற்ற பிறகு' என்று காத்திருந்து, மிகத் தாமதமாகவே இந்த வழிக்கு அனுப்பப்படுகிறார்கள். மார்ஃபின் அளவு ஏறத் தொடங்கும்போதே குடும்பத்தினர் இதைப் பற்றிக் கேட்பது நல்லது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்

என் வலி இந்த இடத்திலிருந்துதான் வருகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதே முதல் கேள்வி. பிறகு, இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும், என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு நாள் பலன் நீடிக்கிறது, பலிக்காவிட்டால் அடுத்தது என்ன, நீங்கள் இதை எவ்வளவு காலமாகச் செய்கிறீர்கள், சிக்கல் வந்தால் இரவில் யாரை அழைப்பது ஆகியவற்றைக் கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரிடம் உடலை ஒப்படைப்பது எளிது. நிரந்தரத் தீர்வு, நூற்றுக்கு நூறு பலன் என்ற வாக்குறுதிகளைக் கேட்டால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கதிர்வீச்சைப் பற்றிய கேள்வியும் நியாயமானது: நரம்பு ஊசிகளில் அது மிகக் குறைவு, நீண்ட எம்போலைசேஷனில் கூடுதல், அதற்குப் பின் தோல் சிவந்தால் தெரிவிக்க வேண்டும்.

முந்தைய நாட்களின் தயாரிப்பு

மிகப் பெரிய கவனம் இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்துகளுக்கு வேண்டும். தண்டுவடத்துக்கு அருகில் சிறு கசிவும் நரம்பை அழுத்திக் காலைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதால், அத்தகைய ஊசிகளுக்கு முன் வார்ஃபரினையும் குளோபிடோக்ரெலையும் பெரும்பாலும் ஐந்து நாட்களுக்கு மேல் நிறுத்தச் சொல்வார்கள். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையும் செய்வார்கள். இதயத்தில் ஸ்டென்ட் அல்லது செயற்கை வால்வு வைத்தவர்கள் தாமாக ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தும் நாளையும் மீண்டும் தொடங்கும் நாளையும் இதய மருத்துவரும் சிகிச்சை செய்யும் மருத்துவரும் பேசி முடிவு செய்து, எழுத்தில் தர வேண்டும். மீண்டும் தொடங்க மறந்து பக்கவாதத்துக்கு ஆளாவது, ஊசியின் ஆபத்தைவிடப் பெரிய ஆபத்து. மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, மூலிகை மருந்துகள் எதையும் விடாமல் பட்டியலில் எழுதுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சர்க்கரை சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம்வரை, உயர்ந்திருக்கும். ஊசிக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, பின்னர் தினமும் இரண்டு முறையாவது அளந்து, எந்த எண்ணைத் தாண்டினால் அழைக்க வேண்டும் என்று கேட்டு வையுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் கான்ட்ராஸ்ட் மருந்தைப் பற்றியும், நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்த வேண்டுமா என்பதைப் பற்றியும் பேச வேண்டும். முன்பு கான்ட்ராஸ்டுக்கு ஒவ்வாமை வந்திருந்தால், கர்ப்பம் இருக்கலாம் என்று தோன்றினால், பல் சீழ், சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் ஏதேனும் இருந்தால் மறைக்காதீர்கள். தொற்று இருக்கும்போது ஊசியைத் தள்ளிப்போடுவதே சரி. மயக்கம் தரும் மருந்து கொடுப்பதாக இருந்தால், வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு முன் உணவையும் இரண்டு மணி நேரத்துக்கு முன் தண்ணீரையும் நிறுத்தச் சொல்வார்கள். வாகனம் ஓட்டித் திரும்ப முடியாது என்பதால் துணைக்கு ஒருவர் வேண்டும்.

சிகிச்சை அறையில் பெரும்பாலும் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். அரைமணி நேரம் அப்படிப் படுக்க முடியுமா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் வேறு வழி செய்வார்கள். மருத்துவர் பேர் கேட்டு, எந்தப் பக்கம் என்று கேட்கும்போது, நீங்களும் கையால் தொட்டுக் காட்டுங்கள்.

பிறகு

ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் வலிப்பது இயல்பு. மரத்துப்போகும் மருந்தின் பலன் தீர்ந்ததும் பழைய வலி திரும்பி, ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கும்வரை, அதாவது இரண்டு மூன்று நாட்கள் முதல் ஒரு வாரம்வரை, வலி அப்படியே இருக்கலாம். இந்த இடைவெளியை அறியாதவர்கள் சிகிச்சை தோற்றுவிட்டதாக எண்ணிக் கலங்குகிறார்கள். கால் சில மணி நேரம் மரத்திருந்தால் துணையின்றி எழுந்து நடக்காதீர்கள். தொடைத் தமனி வழியே சிகிச்சை நடந்திருந்தால், காலை நீட்டியபடி சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். இருமும்போது அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ளுங்கள். அங்கே திடீரென்று வீக்கம் பெருகினாலோ இரத்தம் வந்தாலோ, உறுதியாக அழுத்தியபடி உதவிக்கு அழையுங்கள்.

38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் நீடிப்பது, ஊசி போட்ட இடத்தில் சீழ் அல்லது பரவும் சிவப்பு, கைகாலில் புதிதாகப் பலவீனம், சிறுநீர் கட்டுப்படாமை, எழுந்து உட்கார்ந்தால் தாங்கமுடியாமல் கூடும் தலைவலி, கழுத்து விறைப்பு, கால் குளிர்ந்து நிறம் மாறுவது ஆகியவற்றுக்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. எம்போலைசேஷனுக்குப் பிறகு முதல் வாரக் காய்ச்சல் பெரும்பாலும் தீங்கற்றதாக இருந்தாலும், ஒருமுறை தணிந்து மீண்டும் ஏறும் காய்ச்சலோ துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ தொற்றின் அறிகுறியாகலாம்.

வலி குறைந்ததும் பலர் பிசியோதெரபியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் ஒன்று. வலியால் மாதக்கணக்கில் ஒதுங்கிய தசைகளைத் திரும்பப் பலப்படுத்த இப்போதுதான் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து மெல்லத் தொடங்கி, நடக்கும் நேரத்தை வாரந்தோறும் கூட்டுங்கள்.

வலிக்குறிப்பேட்டை ஊசியோடு நிறுத்தாமல் ஆறு வாரம் தொடருங்கள். மறுபரிசோதனைக்குச் செல்லும்போது, முன்பு பத்து நிமிடம் நின்றவர் இப்போது எத்தனை நிமிடம் நிற்கிறார், மாத்திரை எத்தனை குறைந்தது என்பதே பேச்சின் மையமாக இருக்கட்டும். முன்னேற்றம் இல்லாதபோது அதே ஊசியை அதே இடத்தில் திரும்பப் போடச் சொன்னால், ஊற்று பற்றிய கணிப்பை மறுபடி சோதிக்கும்படி கேளுங்கள். ஸ்டீராய்டு ஊசிகளை ஆண்டுக்கு மூன்று நான்குக்கு மேல் போடுவதைப் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். இடுப்பு, முழங்கால், முதுகு எனப் பல இடங்களில் வெவ்வேறு மருத்துவர்கள் போட்டவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதால், தேதி, இடம், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உடலுக்குள் சுருள்கம்பி, ஸ்டென்ட், சிமென்ட் எது வைத்திருந்தாலும், அதன் விவரம் எழுதிய அட்டையையும் சிகிச்சை அறிக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் கழித்து வேறு காரணத்துக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது, முதலில் கேட்கப்படுவது அந்த அட்டையாகவே இருக்கும்.